சமையலும் ஒரு படிப்பு

(குண்டலுபேட்டை மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



போன வாரம் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா என் பக்கத்தில் வந்தார். "கண்ணு, என் பையன் பத்தாவது பாஸ் ஆகிவிட்டான். சமையல் படிக்கப் போகிறேன் என்கிறான். சமையலுக்கு எதற்குப் படிப்பு? அடுப்புப் பக்கத்தில் நாலு நாள் நின்றால் தானாக வந்துவிடாதா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன், அக்கா" என்றேன். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் ஊரைப் பாருங்கள். மைசூரிலிருந்து தெற்கே 60 கிலோமீட்டர் வந்தால் குண்டலுபேட்டை. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தோம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாலை பந்திப்பூர் காட்டு வழியாக ஊட்டிக்குப் போகிறது. இன்னொன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. 2009 முதல் காட்டுச் சாலையில் இரவு 9 மணிக்கு மேல் வண்டி ஓட்டத் தடை. ஆம்புலன்சும் சில பேருந்துகளும் மட்டும் போகலாம். காலை 6 மணிக்குத்தான் மறுபடி சாலையைத் திறப்பார்கள். அதனால் நேரம் தப்பி வந்த லாரிகள் எல்லாம் இங்கேயே நிற்கும். டிரைவர்களும் கிளீனர்களும் இங்கேயே சாப்பிடுவார்கள். ஆகவே நம் ஊரில் ஓட்டல்கள் அதிகம். ஓட்டல் வேலைக்கு ஆளும் அதிகம். இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஓட்டல் வேலை பார்க்கிறார்.

ஓட்டலுக்குள் ஓர் ஏணி இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஏணிதான். முதலில் பாத்திரம் கழுவுவார்கள். பிறகு வெங்காயம் உரிப்பார்கள். காய் வெட்டுவார்கள். மாவு அரைப்பார்கள். கை பழகிய பிறகு தோசைக்கல் கிடைக்கும். அவர் தோசை மாஸ்டர். பரோட்டா போடுகிறவர் பரோட்டா மாஸ்டர். சாம்பார், ரசம், கூட்டு, குருமா எல்லாம் பார்க்கிறவர் சரக்கு மாஸ்டர். அவர்தான் அந்த அடுப்பங்கரைக்குப் பெரியவர். அவர் உப்புப் பார்த்துச் சரி என்றால்தான் சாப்பாடு வெளியே போகும்.

என் அப்பா ஒரு சரக்கு மாஸ்டர். உங்களில் பல பேருக்கு அவரைத் தெரியும். பதினோரு வயதில் டம்ளர் கழுவப் போனவர். இன்று அப்படி யாரும் ஒரு பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. 2006ஆம் ஆண்டு முதல் ஓட்டல்களில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைப்பது குற்றம். அப்பா காலத்தில் கேட்பார் இல்லை. அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் 300 பேருக்கு சாம்பார் வை என்றால் தராசைத் தேட மாட்டார். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே போதும், போதாது என்று சொல்லிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரிய விடுதியில் சமையல் வேலை காலி என்று கேள்விப்பட்டு அப்பா போனார். பத்துப் பேருக்குச் சமைத்துக் காட்டச் சொன்னார்கள். சமைத்தார். சாப்பிட்டவர்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்களாம். பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். "நாளைக்கு 50 பேர். என்ன என்ன சரக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். இதற்குப் பெரிய அடுப்பங்கரைகளில் இண்டெண்ட் என்று பெயர். அந்தச் சீட்டு இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு மிளகாய்கூட வெளியே வராது.

அப்பா காகிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "கண்ணாடி எடுத்து வரவில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. அந்த வேலை வேறு ஒரு பையனுக்குக் கிடைத்தது. அவன் அப்பாவிடம் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தவன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். அவன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நல்ல பையன். பண்டிகைக்கு இன்றும் வீட்டுக்கு வருவான். ஆனால் அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

நான் இந்த வகுப்புக்குத் தொண்டராக வந்ததற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது டி.வி.யில் எல்லாம் செஃப், செஃப் என்கிறார்கள். செஃப் என்பது பிரெஞ்சு மொழிச் சொல். அதற்குத் தலைவர் என்று பொருள். அடுப்பங்கரைக்குத் தலைவர். நம் சரக்கு மாஸ்டர்தான். ஆனால் அவர் சமைத்தால் மட்டும் போதாது. ஆள்களை நடத்த வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டும். சரக்கு வாங்க வேண்டும். புதிதாக வந்தவருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டு எஸ்கோஃபியே. அவர் 1846இல் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு கொல்லர். எஸ்கோஃபியே 13 வயதில் மாமாவின் ஓட்டலில் எடுபிடியாகச் சேர்ந்தார். அந்தக் காலத்து அடுப்பங்கரைகள் கூச்சலும் குடியும் வசவுமாக இருந்தன. பின்னாளில் அவர் தலைவர் ஆனதும், தன் அடுப்பங்கரையில் குடியையும் வசவையும் நிறுத்தினார். பட்டாளத்தில் சமைத்த பழக்கம் அவருக்கு இருந்தது. பட்டாளத்தைப் போலவே அடுப்பங்கரையைப் பிரிவு பிரிவாகப் பிரித்தார். குழம்புக்கு ஒருவர், இறைச்சிக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று வைத்தார். ஒவ்வொருவருக்கும் கீழே உதவியாள். எல்லாருக்கும் மேலே ஒரு தலைவர். உலகத்தின் பெரிய ஓட்டல்களில் இன்றும் ஏறக்குறைய அந்த முறைதான் நடக்கிறது.

பெரிய ஓட்டலின் ஏணியில் முதல் படிக்குக் கமி என்று பெயர். குறைவு என்று பொருள் அல்ல! அதுவும் பிரெஞ்சுச் சொல். உதவிச் சமையல்காரர் என்று அர்த்தம். சம்பளம் மட்டும் நம் தமிழ் அர்த்தத்தில் கம்மிதான். கமியிலேயே மூன்று படிகள் உண்டு. அதற்கு மேலே ஒரு பிரிவைப் பார்ப்பவர். அவரைச் சுருக்கமாக சி.டி.பி. என்பார்கள். அவருக்கு மேலே சூ செஃப், அதாவது துணைத் தலைவர். எல்லாருக்கும் மேலே எக்சிகியூட்டிவ் செஃப். கீழிருந்து மேலே போகப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம். எல்லாரும் மேலே போவதும் இல்லை. ஓர் ஓட்டலில் கமி இருபது பேர் இருந்தால் எக்சிகியூட்டிவ் செஃப் ஒருவர்தான். இதை மறைத்துப் பேசக் கூடாது.

படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள்? ருசியைக் கற்றுத் தருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அது நாக்கிலும் கையிலும் பழகி வருவது. அவர்கள் முதலில் கற்றுத் தருவது கத்தி பிடிப்பது. பிறகு சுத்தம். பிறகு அளவு.

சுத்தம் என்றால் தரையைத் துடைப்பது மட்டும் அல்ல. பச்சை இறைச்சி வெட்டும் பலகையில் வெள்ளரிக்காய் வெட்டக் கூடாது. இறைச்சியில் இருக்கும் கிருமி வெள்ளரிக்காயில் ஏறும். வெள்ளரிக்காயை நாம் வேகவைப்பது இல்லை. அப்படியே வயிற்றுக்குள் போய்விடும். அதனால் பெரிய அடுப்பங்கரையில் பலகைகளுக்கு நிறம் உண்டு. சிவப்பு பச்சை இறைச்சிக்கு. நீலம் மீனுக்கு. பச்சை காய்கறிக்கு.

சமைத்த சாப்பாட்டைச் சூடாக வைத்தால் 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டும். குளிரில் வைத்தால் 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். காலையில் வைத்த குருமாவை மூடி வைத்து ராத்திரி ஊற்றினால் ஏன் வயிற்றுப்போக்கு வருகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்டோரில் முதலில் வந்த சரக்கை முதலில் எடுக்க வேண்டும். அதற்கு டப்பாவில் இருக்கும் தேதியைப் படிக்க வேண்டும். நாம் போன மாதம் எண்ணெய்ப் பாக்கெட்டில் தேதி படித்தோமே, அதே பாடம்தான்.

இது சட்டமும்கூட. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. அதன்படி சமைக்கிறவர்களுக்கு வருஷம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். சாப்பாட்டைக் கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் யாராக இருக்க முடியும்? எழுதப் படிக்கத் தெரிந்தவர்தானே?

"படிக்காமல் பெரிய சமையல்காரர் ஆனவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். மைசூர் அரண்மனையில் காகாசுர மாதப்பா என்ற சமையல்காரர் இருந்தார். அப்போது நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மகாராஜா. கடலை மாவு, நெய், சர்க்கரைப் பாகு மூன்றையும் சேர்த்து மைசூர்பாகை முதலில் செய்தவர் மாதப்பாதான் என்று சொல்கிறார்கள். அவருடைய பரம்பரையினர் மைசூர் சயாஜிராவ் சாலையில் இனிப்புக் கடை நடத்துகிறார்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து போன கே. கிருஷ்ணராவ் சமையல் கட்டில் எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கினார். 1938இல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார்.

ஆனால் அந்தக் காலத்தில் ஓட்டல் கல்லூரியே நம் நாட்டில் கிடையாது. முதல் கல்லூரி 1954இல் பம்பாயில் வந்தது. சென்னையில் 1963இல் வந்தது. அன்று வேலை செய்து கற்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த வழியிலும் எல்லாரையும் விடவில்லை. சாதி பார்த்துத்தான் பல அடுப்பங்கரைகளுக்குள் ஆள் எடுத்தார்கள். அரசுக் கல்லூரியில் அப்படிச் சொல்ல முடியாது. எனக்கு அதுதான் இந்தப் படிப்பின் பெரிய நன்மையாகத் தெரிகிறது.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் விஜய் குமார். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் அவர் ஊர். பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். வீட்டில் வசதி இல்லை. திருச்சியில் உள்ள அரசு ஓட்டல் படிப்பில் சேர்ந்தார். பிறகு சென்னையில் தாஜ் ஓட்டலில் வேலை பார்த்தார். பிறகு பயணிகள் கப்பலில் சமைத்தார். அங்கிருந்து அமெரிக்கா போனார். அங்கே பல ஓட்டல்களில் வேலை செய்தார். 2021இல் நியூயார்க் நகரத்தில் செம்ம என்ற ஓட்டல் திறந்தது. நாம் "செம்ம சாப்பாடு" என்கிறோமே, அதே செம்ம. அதற்கு அவர்தான் செஃப்.

அங்கே அவர் என்ன சமைக்கிறார் தெரியுமா? நத்தை! சின்ன வயதில் பாட்டி ஊருக்குப் போனால் வயலில் நத்தை பொறுக்கி வருவார்களாம். பாட்டி அதைச் சமைத்துக் கொடுப்பாராம். நம்மில் பலரும் நத்தை சாப்பிட்டவர்கள்தான். வெளியே சொல்ல வெட்கப்படுவோம். அவர் அதை நியூயார்க்கில் தட்டில் வைத்தார். 2025 ஜூன் மாதம் அமெரிக்காவில் சமையல்காரர்களுக்குத் தரும் ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்ற விருது. வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி வாங்கினார்.

பாட்டி சொல்லிக் கொடுத்தது அவர் நாக்கில் இருந்தது. திருச்சிப் படிப்பு அவரை தாஜ் ஓட்டலின் வாசலுக்கு உள்ளே கொண்டு போனது. இரண்டும் சேர்ந்துதான் நத்தை நியூயார்க் போனது. ஆனால் ஒன்று. எல்லாரும் நியூயார்க் போக மாட்டார்கள். மைசூரில், ஊட்டியில், பெங்களூரில் ஒரு நல்ல ஓட்டலில் மாதச் சம்பளமும் பி.எஃப். பிடித்தமும் வார விடுமுறையும் உள்ள வேலை கிடைத்தாலே என் கணக்கில் அது பெரிய விஷயம். என் அப்பாவுக்கு இத்தனை வருஷத்தில் வார விடுமுறை என்று ஒன்று இருந்ததில்லை.

அக்கா, உங்கள் மகன் பத்தாவது பாஸ் செய்திருக்கிறான். அவனுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் உணவு தயாரிப்பு என்று ஒரு தொழில் பிரிவு இருக்கிறது. அது ஒரு வருஷப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் குறைவு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சேர வேண்டும். இன்னொன்று, அரசு ஓட்டல் கல்லூரிகளில் நடக்கும் ஒன்றரை வருஷக் கைத்தொழில் படிப்பு. சமையலும் ரொட்டி, கேக் செய்வதும் அதில் உண்டு. அதற்கும் பத்தாவது போதும். பன்னிரண்டாவது முடித்தால் மூன்று வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு நாடு முழுவதும் ஒரே நுழைவுத் தேர்வு. படிக்கும்போதே சில மாதம் ஓட்டலில் வேலைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

கொஞ்சம் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். "ஆறே மாதத்தில் கப்பல் வேலை" என்கிறார்கள். என்னோடு படித்த ஒரு பையன் அப்படி ஓர் இடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினான். அவர்கள் கொடுத்த சான்றிதழை எந்த ஓட்டலிலும் ஏற்கவில்லை. அவன் அம்மாவின் தோடு இன்னும் அடகிலிருந்து மீளவில்லை. ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள். இந்தச் சான்றிதழை அரசு ஏற்கிறதா? இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அரசு உரிமம் வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் அவர் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். படிக்க நேரம் ஆனால் ஆகட்டும்.

வேலை கடினமானது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். பத்து மணி நேரம் நிற்க வேண்டும். இடுப்பு வலிக்கும். கையில் எண்ணெய் தெறிக்கும். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது அவன் அடுப்பு முன்னால் நிற்பான்.

"மகன்களைப் பற்றியே பேசுகிறாயே" என்று அந்த மூலையில் இருக்கும் சின்னம்மா முணுமுணுப்பது கேட்கிறது. வீட்டில் சமைப்பது பெண்கள். சம்பளத்துக்குச் சமைப்பது பெரும்பாலும் ஆண்கள். நியாயம்தான். ஆனால் ஊருக்கு ஊர் சம்பளத்துக்குச் சமைக்கும் பெண்கள் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2002இல் அட்சர தாசோஹா என்ற மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இந்தச் சின்னம்மாவும் பள்ளியில்தான் சமைக்கிறார்.

சின்னம்மா, உங்கள் கணக்கையே இப்போது போடுவோம். ஐந்தாவது வரை படிக்கும் ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம். பருப்பு 20 கிராம். காய்கறி 50 கிராம். உங்கள் பள்ளியில் 120 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி எவ்வளவு? 12 கிலோ. பருப்பு? 2 கிலோ 400 கிராம். காய்கறி? 6 கிலோ. சரியாகச் சொன்னீர்கள். இதைக் காகிதத்தில் எழுதினால் அதுதான் இண்டெண்ட். அந்த விடுதியில் என் அப்பாவிடம் கேட்டது இதைத்தான்.

அடுத்த வகுப்புக்கு எல்லாரும் ஒரு காரியம் செய்து வாருங்கள். உங்களுக்கு நன்றாக வரும் ஒரு சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். ராகி முத்தையோ, கொள்ளுச் சாறோ, கோழிக் குழம்போ எதுவாகவும் இருக்கலாம். பத்துப் பேருக்கு என்ன என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். கைப்பிடி, கண் அளவு என்று எழுத வேண்டாம். கடையில் கொடுத்து நிறுத்துப் பார்த்து, கிராமில் எழுதுங்கள்.

அப்பா நேற்றே எழுதிவிட்டார். பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து படிக்கச் சொன்னால் கூச்சப்படுவார். அதனால் நானே படிக்கிறேன்.

"சாம்பார். 50 பேர். துவரம் பருப்பு 2 கிலோ 500. புளி 300 கிராம். சின்ன வெங்காயம் 2 கிலோ."

பெருங்காயத்துக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அதை நிறுத்துப் பார்க்க முடியாது என்று சண்டை போடுகிறார்.